சின்னப் பயணத்துக்கு பட்ஜெட் செயின் ஹோட்டல்: பெயரை நம்புவதா, கட்டடத்தைப் பார்ப்பதா?

கேள்வி இதுதான்: வார இறுதியில் இரண்டு, மூன்று நாள் வெளியூர் போய்வர, கையைக் கடிக்காத வாடகையில், நம்பித் தங்கக்கூடிய செயின் ஹோட்டலை எப்படித் தேர்ந்தெடுப்பது? கூடவே ஒரு துணைக் கேள்வி: நல்ல பிராண்ட் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, போகிற ஊரிலெல்லாம் அதையே புக் செய்தால் போதாதா?

போதாது. பிராண்ட் பெயர் பட்டியலைச் சுருக்கித் தரும், அவ்வளவுதான். ஒரே பெயர்ப் பலகையின் கீழ் அருமையான ஹோட்டலும் இருக்கும், இரவு முழுக்கத் தூங்க விடாத ஹோட்டலும் இருக்கும். கடைசி முடிவை எடுக்க வேண்டியது அந்தக் குறிப்பிட்ட கட்டடத்தைப் பார்த்து. பெரும்பாலானவர்கள் வாடகையையும் நட்சத்திரத்தையும் மட்டும் பார்த்துவிட்டு இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேரம் செலவழித்தால் போதும், நல்ல அறை கிடைக்கும். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், செயின் ஹோட்டல் எதை விற்கிறது என்று பார்ப்போம். 1951-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரைச் சேர்ந்த கெம்மன்ஸ் வில்சன் குடும்பத்தோடு காரில் வாஷிங்டனுக்குப் போனார். வழியில் தங்கிய விடுதிகள் தரத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருந்தன. குழந்தைகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூடுதல் பணம் வேறு. அந்தக் கோபத்தில் 1952-ல் அவர் மெம்ஃபிஸில் தொடங்கியதுதான் முதல் ஹாலிடே இன். குழந்தைகளுக்குத் தனிக் கட்டணம் கிடையாது, எந்த ஊரில் தங்கினாலும் ஒரே மாதிரி அறை. அடுத்த பத்தாண்டில், 1962-ல், கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் மோட்டல் 6 வந்தது. ஓர் இரவுக்கு 6 டாலர் என்பதுதான் அதன் பெயரிலேயே இருக்கும் 6. தேவையில்லாததையெல்லாம் நீக்கிவிட்டு, சுத்தமான படுக்கையை மட்டும் மலிவாகத் தருவது அதன் திட்டம். இன்றைக்கு உலகமெங்கும் இருக்கும் பட்ஜெட் செயின்கள் எல்லாமே இந்த இரண்டு யோசனைகளின் கலவைதான்: என்ன கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிவது, தேவையற்றதைக் கழிப்பது.

இந்தக் கழித்தலில்தான் விஷயம் இருக்கிறது. எந்தப் பட்ஜெட் ஹோட்டலைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது, 'இவர்கள் எதைக் கழித்து விலையைக் குறைத்திருக்கிறார்கள்?' என்பதைத்தான். ஃபிரான்ஸில் 1985-ல் தொடங்கிய ஃபார்முல் 1 என்ற செயின், அறைக்குள் இருந்த குளியலறையையே கழித்தது. குளியலறையும் கழிப்பறையும் தாழ்வாரத்தில், எல்லோருக்கும் பொது. லண்டனில் 2005-ல் வந்த ஈஸிஹோட்டல் ஜன்னல் இல்லாத அறைகளைக் குறைந்த வாடகைக்கு விட்டது. டிவி பார்க்க வேண்டுமென்றால் தனியாகப் பணம். ஜெர்மனியின் மோட்டல் ஒன், உணவகத்தைக் கழித்துவிட்டு அந்தப் பணத்தை நகர மையத்து இடத்திலும் அழகான வரவேற்புக் கூடத்திலும் போட்டது. மூன்றுமே பட்ஜெட்தான். ஆனால் மூன்றும் ஒரே ஆளுக்கானவை அல்ல.

சின்னப் பயணத்துக்கு உங்களுக்குத் தேவை நல்ல தூக்கம், சூடாக ஒரு குளியல், போக வேண்டிய இடங்களுக்குப் பக்கத்தில் இருப்பது. நீச்சல் குளம், ஜிம், ரூம் சர்வீஸ், பெட்டி தூக்க ஆள், பெரிய லாபி எல்லாம் கழிந்திருந்தால் கவலையே வேண்டாம், நமக்கு லாபம். சுவரின் தடிமன், ஜன்னல், லிஃப்ட், இரவில் ரிசப்ஷனில் ஆள் என்று கைவைத்திருந்தால் யோசிக்க வேண்டும். தனியாகப் போகிற இருபத்தைந்து வயதுக்காரருக்கு ஜன்னல் இல்லாத அறை ஒரு பொருட்டே அல்ல. கைக்குழந்தையோடும் வயதான அம்மாவோடும் போகிறவருக்கு லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி பெரிய தொல்லை.

இனி பிராண்டுக்கு வருவோம். ஒரு செயினின் எல்லா ஹோட்டல்களும் ஒரே தரத்தில் இருக்குமா என்பது பெரும்பாலும் அவற்றை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்தது. பிரிட்டனின் பிரீமியர் இன்னை எடுத்துக்கொள்ளுங்கள். 1987-ல் டிராவல் இன் என்ற பெயரில் தொடங்கிய அதை விட்பிரெட் என்ற நிறுவனம் தானே நேரடியாக நடத்துகிறது. மெத்தை முதல் துண்டு வரை ஒரே இடத்தில் முடிவாகிறது. அதனால் ஓர் ஊரில் தங்கியவருக்கு அடுத்த ஊரில் பெரிய அதிர்ச்சி இருக்காது. அமெரிக்காவின் பட்ஜெட் செயின்களில் பெரும்பாலானவை ஃபிரான்சைஸ் முறையில் ஓடுகின்றன. கட்டடம் ஒரு தனிப்பட்ட முதலாளியுடையது. பெயர், புக்கிங் வசதி, விதிமுறைப் புத்தகம், அவ்வப்போது ஓர் ஆய்வு, இவைதான் பிராண்டின் பங்கு. முதலாளி அக்கறையானவராக இருந்தால் அந்த ஹோட்டல் பளிச்சென்று இருக்கும். பணத்தைக் கறந்துகொண்டு பராமரிப்பை விட்டவராக இருந்தால், அதே பெயர்ப் பலகைக்குக் கீழே ஒழுகும் குழாயும் இருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. இந்தியாவில் 2013-ல் தொடங்கிய ஓயோ, ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருந்த சின்னச் சின்ன விடுதிகளைத் தன் பெயருக்குள் கொண்டுவந்து வளர்ந்தது. அந்த முறையில் கட்டடங்கள் ஒரே வரைபடத்தில் கட்டப்பட்டவை அல்ல. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்தே ஆக வேண்டும். இதற்கு எதிர்ப்பக்கம், டாடா குழுமத்தின் ஜிஞ்சர் 2004-ல் பெங்களூரில் தொடங்கியபோதே பட்ஜெட் ஹோட்டலுக்கென்று திட்டமிட்டு வடிவமைக்கப்பட்டது. ஜப்பானின் டோயோகோ இன் ஹோட்டல்களும் அப்படித்தான். 1986-ல் டோக்கியோவின் கமாட்டாவில் தொடங்கியது, இன்றும் அறையின் அமைப்பு ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை.

பெயரே குழப்புவதும் உண்டு. டிராவல்லாட்ஜ் என்று பிரிட்டனில் இருப்பதும் அமெரிக்காவில் இருப்பதும் வேறு வேறு நிறுவனங்கள். ஒன்றின் அனுபவத்தை வைத்து மற்றொன்றை எடைபோட முடியாது. ஐபிஸ் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று உண்டு: சிவப்புப் பலகை சாதாரண ஐபிஸ், பச்சை ஐபிஸ் ஸ்டைல்ஸ், நீலம் ஐபிஸ் பட்ஜெட். நீலத்தை புக் செய்துவிட்டு, சிவப்பில் தங்கிய நண்பர் சொன்ன வசதிகளை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். புக் செய்யும்போது பிராண்டின் முழுப் பெயரைக் கடைசி எழுத்து வரை படியுங்கள்.

சரி, கட்டடத்தை எப்படிப் பார்ப்பது? இரண்டு தேதிகள் வேண்டும்: எப்போது கட்டினார்கள், கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள். பட்ஜெட் ஹோட்டலில் இது எல்லாவற்றையும்விட முக்கியம் என்பது என் கருத்து. ஒரே செயினில், போன வருடம் புதுப்பித்த ஹோட்டலுக்கும் பதினைந்து வருடமாகக் கைவைக்காத ஹோட்டலுக்கும் வாடகை வித்தியாசம் மிகக் குறைவாகவே இருக்கும். தங்கும் அனுபவத்தில் வித்தியாசம் மலையளவு. இந்தத் தேதிகள் சில புக்கிங் தளங்களிலேயே இருக்கும். இல்லாவிட்டால் ஹோட்டலுக்கே போன் செய்து, "அறைகளை எப்போது புதுப்பித்தீர்கள்? எல்லா மாடியும் முடிந்ததா?" என்று கேட்டுவிடலாம். இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். பாதி மாடி புதுசு, பாதி மாடி பழசு என்று இருக்கும் காலத்தில் எந்த மாடி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவருக்குத்தான் புது அறை கிடைக்கும். இன்னும் மோசம், புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருக்கும்போது போய் மாட்டுவது. காலை எட்டு மணிக்கு டிரில் சத்தம் ஆரம்பித்துவிடும்.

ஹோட்டல் போட்ட படங்களைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அவை நல்ல அறையில், நல்ல வெளிச்சத்தில், அகலமான லென்ஸில் எடுத்தவை. தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். அதிலும் கட்டிலைப் பார்க்காதீர்கள், ஓரங்களைப் பாருங்கள். குளியலறையில் சுவரும் தரையும் சேரும் இடத்தில் இருக்கும் வெள்ளைப் பூச்சு கறுத்திருக்கிறதா? ஷவர் தலையைச் சுற்றி உப்புப் படிந்திருக்கிறதா? ஏசியின் காற்று வரும் துவாரத்தில் தூசி கட்டியிருக்கிறதா? கட்டில் காலுக்குப் பக்கத்தில் கார்ப்பெட் எந்த நிறத்தில் இருக்கிறது, நடுவில் எந்த நிறத்தில் இருக்கிறது? ஜன்னல் ஓரத்தில் பெயின்ட் உப்பியிருக்கிறதா? விரிப்பைத் தினமும் மாற்றிவிடலாம். ஓரங்களில் தெரிவது பல மாதப் பராமரிப்பின் நிலை. நாலைந்து பேர் போட்ட படங்களில் ஓரங்கள் சுத்தமாக இருந்தால், அந்த ஹோட்டலில் யாரோ பொறுப்பாக வேலை பார்க்கிறார்கள் என்று தைரியமாக நம்பலாம்.

ரிவ்யூ படிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மொத்த மதிப்பெண்ணை ஓரமாக வையுங்கள், அதில் ஐந்து வருடத்துக்கு முந்தைய பாராட்டும் கலந்திருக்கும். புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்தி, கடைசி ஆறு மாதத்தை மட்டும் படியுங்கள். ஒரே வரியில் ஆகா ஓகோ என்பதையும், கொதித்துப்போய் எழுதிய ஒற்றை நட்சத்திரத்தையும் தாண்டி, நடுவில் இருக்கும் மூன்று நட்சத்திரக்காரர்களிடம் போங்கள். நல்லது கெட்டது இரண்டையும் அவர்கள்தான் நிதானமாகச் சொல்வார்கள். புகார்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 'ரிசப்ஷனில் முகம் கொடுத்துப் பேசவில்லை' என்பது அன்றைக்கு அந்த ஆளைப் பொறுத்தது. 'பக்கத்து அறைக்காரர் இருமுவது கேட்டது', 'காலை எட்டு மணிக்கு வெந்நீர் வரவில்லை', 'லிஃப்ட் ஒன்றுதான், அதுவும் பழுது' என்பவை கட்டடத்தின் குறைகள், நீங்கள் போகும்போதும் அப்படியே இருக்கும். ஒரே குறையை மூன்று பேர் வேறு வேறு மாதத்தில் சொல்லியிருந்தால் அது உண்மை. அறை எண்ணையோ மாடியையோ குறிப்பிட்டு எழுதியிருப்பவரைத் தவறவிடாதீர்கள். எந்தப் பக்கம் சாலை, எந்தப் பக்கம் அமைதி என்பது அங்கேதான் கிடைக்கும்.

அடுத்தது இடம். பணத்தைக் கணக்குப் போடுவதில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். ஊருக்கு வெளியே ஓர் அறை ஓர் இரவுக்கு 100, நகர மையத்தில் அதே செயினின் அறை 140 என்று வைத்துக்கொள்வோம். எந்த நாணயம் என்பது முக்கியமில்லை, விகிதம்தான். இரண்டு இரவுக்கு 80 மிச்சம் போலத் தெரிகிறது. நான்கு பேர் குடும்பம், நகருக்குள் போக ஒருவருக்கு 4, திரும்ப 4. ஒரு தடவை போய்வரவே 32. இரண்டு நாளில் இரண்டு தடவை போனால் 64. ஒருநாள் இரவு கடைசி வண்டி போய்விட்டது, டாக்ஸி பிடித்தோம் என்றால் மிச்சம் கரைந்து கையிலிருந்தும் போயிருக்கும். பகலில் குழந்தைகள் களைத்துப்போனால் ஒரு மணி நேரம் அறைக்கு வந்து படுத்துவிட்டுப் போகும் வசதியும் இல்லை. ஒரு வாரம் தங்குகிறவருக்கு ஊருக்கு வெளியே இருப்பது சரிப்பட்டு வரலாம். இரண்டு நாள் பயணத்தில், தினமும் ஒன்றரை மணி நேரம் சாலையில் போவது பெரிய நஷ்டம். காரில் போகிறவருக்குக் கணக்கு தலைகீழ்: நகர மையத்தில் பார்க்கிங் கட்டணம் சில நேரம் அறை வாடகையில் பாதியைத் தொட்டுவிடும், ஊர் எல்லையில் அது இலவசம்.

ஹோட்டலின் பெயரில் ஊர் பெயர் இருப்பதால் அது ஊருக்குள் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 'ஏர்போர்ட்' என்று பெயரில் இருந்தால் விமான நிலையத்துக்கு நடந்து போகலாம் என்றும் அர்த்தமில்லை. மேப்பில் நேர்கோட்டுத் தூரத்தைப் பார்க்காமல் நடைபாதை வழியைப் போட்டுப் பாருங்கள். அந்த வழியில் இரவு பத்து மணிக்குப் பெட்டியை இழுத்துக்கொண்டு போக முடியுமா, நடுவில் நெடுஞ்சாலையைக் கடக்க வேண்டுமா என்று மேப்பின் தெருப் படத்தில் (ஸ்ட்ரீட் வியூ) பாருங்கள். அதே படத்தில் கட்டடத்தின் கீழ்த்தளத்தையும் எதிர்ப்பக்கத்தையும் கவனியுங்கள். கீழே மதுக்கூடம், எதிரே பேருந்து நிலையம் என்றால் வாடகை ஏன் குறைவு என்பதற்கு விடை கிடைத்துவிடும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பது வசதி. தண்டவாளத்தை ஒட்டி இருப்பது வேறு விஷயம்.

விலையைக் குறைக்க எனக்குத் தெரிந்து மிக எளிய வழி, கிழமையை மாற்றுவது. அலுவலகங்கள் நிறைந்த பகுதியில் இருக்கும் செயின் ஹோட்டல்கள் வேலைநாள்களில் நிரம்பும், வெள்ளி சனி இரவுகளில் காலியாகும். அங்கே வார இறுதிக்கு நல்ல விலை கிடைக்கும். கடற்கரை, மலைவாசஸ்தலம் என்றால் நேரெதிர். ஞாயிற்றுக்கிழமை இரவு இரண்டு வகைக்கும் நடுவில் விழுவதால் பல ஊர்களில் வாரத்திலேயே மலிவான இரவு அதுதான். திங்கட்கிழமை ஒருநாள் லீவு போட முடிகிறவர், சனி ஞாயிறு இரவுகளைத் தேர்ந்தெடுத்தால் மொத்தத் தொகை கண்கூடாகக் குறையும். ஓர் ஊரில் திடீரென்று எல்லா ஹோட்டலும் இரண்டு மடங்கு விலை காட்டினால், அன்றைக்கு ஏதோ பெரிய கண்காட்சியோ விளையாட்டுப் போட்டியோ இருக்கிறது. தேதியை நகர்த்துங்கள், போராட வேண்டாம்.

முன்கூட்டியே பணம் கட்டிவிட்டால் மலிவு, ஆனால் ரத்து செய்தால் ஒரு காசும் திரும்பாது. கடைசி நேரம் வரை ரத்து செய்யலாம், ஆனால் கொஞ்சம் கூடுதல். பெரும்பாலான செயின்களில் இந்த இரண்டு விலையும் உண்டு. வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நான் யோசிக்காமல் ரத்து செய்யக்கூடியதையே எடுப்பேன். குழந்தைக்குக் காய்ச்சல் வருவதை யாராலும் முன்கூட்டியே சொல்ல முடியாது. அதில் இன்னொரு பலனும் இருக்கிறது: சீக்கிரமே புக் செய்துவிட்டு, பயணத்துக்கு ஒரு வாரம் முன்பு அதே அறையின் விலையை மறுபடி பாருங்கள். இறங்கியிருந்தால் புதிதாகப் போட்டுவிட்டுப் பழையதை ரத்து செய்துவிடலாம். ஏறியிருந்தால் உங்கள் பழைய விலை பத்திரமாக இருக்கிறது. பணம் திரும்பாத விலையில் தேதியை மாற்றவும் பெரும்பாலும் விடமாட்டார்கள், அதைப் படிக்காமல் கட்டிவிடாதீர்கள்.

எங்கே புக் செய்வது? தேடுவதற்குப் பெரிய புக்கிங் தளங்கள் அருமையானவை. எல்லா ஹோட்டலையும் ஒரே திரையில் காட்டும். தேர்ந்தெடுத்த பிறகு அந்தச் செயினின் சொந்த தளத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். உறுப்பினராகச் சேர்ந்தால் தள்ளுபடி என்று பல செயின்கள் தருகின்றன, சேர்வது இலவசம்தான். 'எங்களைவிடக் குறைவாக உங்கள் தளத்தில் விற்கக் கூடாது' என்று புக்கிங் தளங்கள் ஹோட்டல்களுக்குப் போட்டுவந்த நிபந்தனையை, ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ் புக்கிங்.காம் 2024-ல் ஐரோப்பாவில் கைவிட்டது. அதனால் நேரடி விலை குறைவாக இருக்க வாய்ப்பு முன்பைவிட அதிகம். விலை சமமாக இருந்தாலும் நான் நேரடியாகவே எடுப்பேன். தேதி மாற்ற, அறை மாற்ற, பணம் திரும்பக் கேட்க, நடுவில் இன்னொரு நிறுவனம் இல்லாமலிருப்பது பெரிய நிம்மதி.

காட்டும் விலை வேறு, கட்டும் விலை வேறு. நகர வரி என்று பல ஊர்களில் தனியாக வாங்குகிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் 2024 முதல் அது அறை வாடகையில் 12.5 சதவீதம். சில ஊர்களில் தலைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று கணக்கு. அமெரிக்காவில் ரிசார்ட் கட்டணம் போன்றவற்றைக் கடைசிப் பக்கத்தில் கொண்டுவந்து சேர்க்கும் பழக்கத்துக்கு எதிராக, முழுத் தொகையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற மத்திய அரசு விதி 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. எல்லா நாட்டிலும் அப்படி விதி இல்லை. அதனால் இரண்டு ஹோட்டலை ஒப்பிடும்போது, பணம் கட்டும் பக்கம் வரை போய், வரி, காலை உணவு, பார்க்கிங், கூடுதல் படுக்கை எல்லாம் சேர்ந்த தொகையை ஒப்பிடுங்கள். காலை உணவு முக்கியமான இடம். ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ், ஹாம்ப்டன், டோயோகோ இன் போன்றவற்றில் பொதுவாக அது வாடகைக்குள்ளேயே அடக்கம். மற்றவற்றில் தலைக்கு இவ்வளவு. நான்கு பேர், இரண்டு காலை என்றால் எட்டு பேர் சாப்பாட்டுக் கணக்கு. இதைச் சேர்த்துப் பார்த்தால், வாடகை கூடுதலாகத் தெரிந்த ஹோட்டல் மொத்தத்தில் மலிவாக இருப்பது அடிக்கடி நடக்கும். செக்-இன் செய்யும்போது கார்டில் முன்பணமாக ஒரு தொகையைப் பிடித்து வைப்பார்களா என்றும் கேளுங்கள். டெபிட் கார்டு என்றால் அது விடுபடச் சில நாள் ஆகும், அதற்குள் பயணமே முடிந்திருக்கும்.

நேரத்தையும் காசாகவே எண்ண வேண்டும். பகல் மூன்று மணிக்குச் செக்-இன், காலை பதினொரு மணிக்குச் செக்-அவுட் என்றால் ஓர் இரவு வாடகைக்கு அறை உங்கள் கையில் இருப்பது 20 மணி நேரம். அதிகாலையில் போய் இறங்குகிறவருக்கு முதல் நாளே பாதி போய்விடும். முன்னதாக வந்தால் பெட்டியை வைத்துக்கொள்வார்களா, கிளம்பும் நாளில் மாலை வரை வைக்கலாமா, குளித்து உடை மாற்ற இடம் உண்டா என்று கேட்டு வைத்துக்கொண்டால் இரண்டு அரை நாள்கள் திரும்பக் கிடைக்கும். இரவு தாமதமாகப் போகிறவர்கள் ரிசப்ஷனில் ஆள் எத்தனை மணி வரை என்று கட்டாயம் பார்க்க வேண்டும். சில மலிவுச் செயின்களில் இரவில் ஆளே இருக்க மாட்டார்கள், கதவுக்கான எண் மெயிலிலோ மெசேஜிலோ வரும். போனில் சார்ஜ் இல்லாமல் அந்தக் கதவு முன்னால் நிற்கக் கூடாது.

குடும்பத்தோடு போகிறவர்கள் கட்டிலின் அளவைச் சென்டிமீட்டரில் பாருங்கள், 'டபுள்' என்ற பெயரில் பார்க்காதீர்கள். ஜப்பானில் செமி டபுள் என்பது சுமார் 120 சென்டிமீட்டர் அகலம்தான். அதிலேயே இருவர் படுக்க வேண்டும். ஐரோப்பாவில் டபுள் 140 சென்டிமீட்டராக இருக்கலாம். நம் வீட்டுக் கட்டிலை ஒரு தடவை அளந்து வைத்துக்கொண்டால் ஒப்பிடுவது சுலபம். 'குழந்தைகளுக்கு இலவசம்' என்பதற்குப் பெரும்பாலும் இருக்கிற கட்டிலிலேயே சேர்ந்து படுத்தால் இலவசம் என்று பொருள். தனிப் படுக்கைக்குப் பணம் உண்டு. எத்தனை வயது வரை என்பதும் செயினுக்குச் செயின் மாறும். நான்கு பேரையும் புக்கிங்கிலேயே குறிப்பிட்டுவிடுங்கள். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்பது தீ விபத்துப் பாதுகாப்பு விதியோடு சம்பந்தப்பட்டது, ரிசப்ஷனில் போய்ப் பேசிச் சரிக்கட்ட முடியாமல் போகலாம்.

அறையைத் தேர்ந்தெடுக்க முடியாவிட்டாலும் கேட்கலாம், கேட்பது இலவசம். லிஃப்டுக்குப் பக்கத்தில் வேண்டாம், சாலைப் பக்கம் வேண்டாம், கீழ்த்தளம் வேண்டாம், முடிந்தால் புதுப்பித்த மாடி. இவற்றில் ஒன்றிரண்டைப் புக்கிங்கில் எழுதிவிட்டு, போவதற்கு முதல் நாள் மாலை போனிலும் சொல்லிவிடுங்கள். மறுநாள் வருகிறவர்களுக்கு அறை ஒதுக்கும் வேலை அப்போதுதான் நடக்கும் என்பதால் பலன் அதிகம். கோரிக்கை இரண்டுக்கு மேல் போனால் எதையும் கவனிக்க மாட்டார்கள். உங்களுக்கு எது தூக்கத்தைக் கெடுக்குமோ அதை மட்டும் சொல்லுங்கள்.

அறைக்குள் போனதும் பெட்டியைக் கட்டில்மேல் போடாதீர்கள். குளியலறைத் தரையிலோ பெட்டி வைக்கும் ஸ்டாண்டிலோ வையுங்கள். பிறகு தலைமாட்டுப் பக்கம் விரிப்பின் மூலையைத் தூக்கி, மெத்தையின் தையல் ஓரத்தை போன் டார்ச்சில் பாருங்கள். மிளகுத் தூள் தூவியது போல் கரும்புள்ளிகள் வரிசையாக இருந்தால் மூட்டைப்பூச்சி இருக்கிறது, அல்லது இருந்தது. கட்டிலின் தலைப்பலகைக்கும் சுவருக்கும் நடுவிலும் ஒரு பார்வை. அப்புறம் வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏசியைப் போடுங்கள், ஃபிளஷ் செய்யுங்கள், கதவுத் தாழ்ப்பாள் முழுதாக விழுகிறதா, ஜன்னல் பூட்டுகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரை நிமிடம் பேசாமல் நில்லுங்கள். குளிர்சாதன இயந்திரத்தின் உறுமல், லிஃப்டின் கிறீச், சாலைச் சத்தம் எல்லாம் அப்போதுதான் காதில் விழும். கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் வெளியேறும் வழி வரைபடத்தைப் பார்த்து, படிக்கட்டுக்கு எத்தனை கதவு தாண்ட வேண்டும் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். புகையில் கண் தெரியாது, எண்ணிக்கைதான் உதவும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட வேலை.

ஏதாவது சரியில்லையென்றால் அப்போதே, படுக்கையைக் கலைக்காமல், குளியலறையைப் பயன்படுத்தாமல் கீழே போய் வேறு அறை கேளுங்கள். தொடாத அறையை மாற்றித் தருவது அவர்களுக்குச் சுலபம், சாவியை மாற்றினால் போதும். இரவு பதினொரு மணிக்கு மேல் அறை காலியாக இருக்காது. புகார் சொல்லத் தயங்க வேண்டாம், நல்ல செயின்கள் இதற்கென்றே வாக்குறுதி வைத்திருக்கின்றன. பிரீமியர் இன், நிம்மதியாகத் தூங்க முடியாவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாகச் சொல்கிறது. திருப்தி இல்லையென்றால் பணம் தர வேண்டாம் என்பது ஹாம்ப்டனின் பெயர்பெற்ற உத்தரவாதம். ஹோட்டலின் தவறால் வந்த குறையை 15 நிமிடத்தில் சரிசெய்யாவிட்டால் அதற்குக் காசு கிடையாது என்று ஐபிஸ் விளம்பரம் செய்துவந்தது. இந்த மாதிரி உத்தரவாதங்கள் தங்கியிருக்கும்போதே சொல்கிறவருக்குத்தான் பயன்படும். வீட்டுக்குப் போய் மெயில் எழுதினால், 'அன்றைக்கே சொல்லியிருந்தால் சரிசெய்திருப்போமே' என்று பதில் வரும். அது நியாயமும்கூட. அதனால் குறையை ஒரு படம் எடுத்துக்கொண்டு, சொன்ன நேரத்தையும் கேட்டவரின் பெயரையும் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்தவர் வேலைக்கு வரும்போதும் ஒரு தடவை நினைவூட்டுங்கள்.